குலுங்காத நகரம்

நொய்யல்புரத்தில் இனிப் பள்ளமே கிடையாது என்று மாநகராட்சி அறிவித்த நாளில், அந்த அறிவிப்புப் பலகையை அச்சகத்திலிருந்து எடுத்துவந்த ஊழியர் பைக்கோடு ஒரு பள்ளத்தில் விழுந்தார். விழா தாமதமாகத் தொடங்கியதற்கு அதுதான் காரணம். ஒலிபெருக்கியில் மட்டும் "சிறு தொழில்நுட்பக் கோளாறு" என்றார்கள். பலகையின் ஓரம் நசுங்கியிருந்தது. நசுங்கிய இடத்தில் மாலை போட்டு மறைத்தார்கள். ஊழியரை மறைக்கிற அளவுக்குப் பூ இல்லாததால் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

மேடை ஓரத்து நாற்காலியில் மேகலா உட்கார்ந்திருந்தாள். 'மிதவை' என்ற கார் உதிரிபாக நிறுவனத்தில் தலைமைப் பொறியாளர். இந்தப் பெருமைக்கெல்லாம் மூலகாரணம் அவள் செய்த ஸ்ட்ரட் என்பதால் அவளுக்கும் ஒரு சால்வை உண்டு.

ஸ்ட்ரட் என்பது வேறொன்றுமில்லை. சக்கரத்துக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே நிற்கிற கால். பழைய வண்டிகளில் இருந்தவை குருட்டுக் கால்கள். பள்ளத்தில் விழுந்த பிறகுதான் விழுந்தது தெரியும். மேகலா செய்த காலுக்குக் கண் இருந்தது. பள்ளம் வருவதை முன்னாலேயே பார்த்துச் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். தாண்டியதும் தரையில் ஓங்கி ஊன்றிக்கொள்ளும். உள்ளே இருப்பவர் கையில் தளும்பத் தளும்பக் காபி வைத்திருந்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாது. மென்மையைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குமிழ். அதன் ஒரு கோடியில் 'பஞ்சு', மறுகோடியில் 'கல்'. கல்லில் வைத்தால் கால் விறைத்துக்கொண்டு, ரோட்டில் உள்ளதை உள்ளபடி முதுகுக்குச் சொல்லிவிடும். கார்ப் பந்தயக்காரர்களுக்காக வைத்தது. ஊரில் ஒருவரும் அந்தப் பக்கம் திருப்பியதில்லை. காசு கொடுத்து யார் உண்மையை வாங்குவார்கள்?

இந்த விழாவுக்குச் சில வருஷங்களுக்கு முன்புதான் மாநகராட்சி ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. இனி பள்ளத்தைப் பற்றி யாரும் மனுப் போட வேண்டாம், கார்களே போடும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். கார் குலுங்கினால் அந்தக் குலுக்கல் தானாக மாநகராட்சிக் கணினிக்குப் போகும், வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும், புள்ளி விழுந்த இடத்துக்குத் தார் வண்டி தானாகக் கிளம்பிவிடும். நடுவில் மனிதர் கையே படாது; ஆகவே கையூட்டும் கிடையாது. குலுக்கல் என்றால் என்ன என்பதையும் சட்டத்தில் தெளிவாக எழுதிவைத்தார்கள்: 'பயணி உணரும் குலுக்கலே குலுக்கல்.' பைக்கில் போகிறவர்களையும் நடந்து போகிறவர்களையும் பயணி என்று எழுத மறந்துவிட்டார்கள். அவர்கள் பாட்டுக்குப் போகிறவர்கள்தானே.

கொஞ்ச நாள் சட்டம் ஒழுங்காக நடந்தது. பிறகு மிதவை ஸ்ட்ரட் வந்தது. வசதியானவர்கள் வாங்கினார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள் கடன் வாங்கி வாங்கினார்கள். கார்கள் குலுங்குவது நின்றது. புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்து வரைபடம் பளிச்சென்று ஆனது. தார் வண்டிகள் கொட்டகையில் நின்று துருப்பிடித்தன. அந்தத் துருவுக்குத்தான் இந்த விழா.

ஆணையர் பத்மலோசனி அம்மா மைக்கைப் பிடித்து, "பள்ளத்தை மூடுவது பழைய முறை. பள்ளத்தை வெல்வது புதிய முறை" என்றார். கைதட்டல் அடங்கச் சற்று நேரம் பிடித்தது.

மேகலாவும் கைதட்டினாள். ஆனால் அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். சோதனை ஓட்டத்தின்போதே தெரியும். அன்று நிறுவனத் தலைவர் ஹரிஷங்கரிடம் சொல்லியும் இருந்தாள்.

"சார், குலுக்கல் காணாமப் போறதில்ல. இடம் மாறுது. நம்ம ஸ்ட்ரட் பள்ளத்தைத் தாண்டினதும் சக்கரத்தை ஓங்கி ஊணுது. அந்த அடி முழுக்க ரோட்டுக்குத்தான். இந்த வண்டி போகப் போகப் பள்ளம் பெருசாகும்."

ஹரிஷங்கர் காபியை உறிஞ்சினார். ஓடுகிற காரில்தான். "அப்போ ரோடு மோசமாக ஆக, நம்ம ப்ராடக்ட் இன்னும் தேவைப்படும்னு சொல்ற?"

"நான் அதைச் சொல்லல சார்."

"பரவால்ல, நான் சொல்லிக்கறேன். பிரில்லியண்ட், மேகலா." சம்பளத்தையும் உயர்த்தினார். மனசாட்சி உறுத்துகிறபோது சம்பளம் உயர்ந்தால் உறுத்தல் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதே மறந்துபோகும். மேகலாவுக்கும் அப்படித்தான் மறந்தது.

நினைவூட்டியவன் அவள் தம்பி செங்கோடன்.

செங்கோடன் அரசு ஆம்புலன்ஸ் ஓட்டினான். அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருப்பு. ஊரே மிதந்துகொண்டிருக்க, ஆம்புலன்ஸ் மட்டும் பழைய சுருள்கம்பிகளில் குதித்துக்கொண்டிருந்தது. உயிர் போகிற அவசரத்தில் சொகுசு எதற்கு என்று சுகாதாரத் துறை கருதியிருக்க வேண்டும்.

ஒருநாள் மாலை வேலை முடிந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

"என்னடா ஆச்சு?" என்றாள் மேகலா.

"கட்டட வேலையில ஒருத்தர் சாரத்துல இருந்து விழுந்துட்டாருக்கா. ராயப்பன்னு பேரு. வெல்டரு. முதுகுல அடி. ஏத்தும்போது 'காலை அசைங்க அண்ணா'ன்னேன். கட்டைவிரலை அசைச்சாரு. 'ஒண்ணும் ஆகாது, வாங்க'ன்னு சொல்லி ஏத்தினேன்."

"அப்புறம்?"

"எறக்கும்போது அசையல."

மேகலா எதிரே உட்கார்ந்தாள்.

"மெதுவாத்தான் ஓட்டினேன். மாடு நடக்கற வேகம். அவரு சம்சாரம் உள்ள உக்காந்து ரெண்டு கையாலயும் இடுப்பைப் பிடிச்சிட்டே வந்துச்சு. மில் ரோட்டுல எதுல எறங்கி எதுல ஏறறதுன்னே தெரியலக்கா. எனக்கு முன்னால ஒரு கார் போச்சு. பின்சீட்டுல ஒரு பொண்ணு கண்ணுக்கு மை போட்டுக்கிட்டே போகுது. அதே ரோடு!" அவன் தட்டைத் தள்ளினான். "உங்க வண்டியில போறவனுக்கு ரோடே இல்ல. எங்க வண்டியில படுத்திருக்கறவனுக்கு ரோடு மட்டுந்தான் இருக்குது."

மேகலா தட்டை மறுபடி அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். சால்வை பீரோவில் இருந்தது.

விவகாரம் அதோடு முடியவில்லை. ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சருக்கு அடியில் ஒரு கருவி உண்டு. வண்டி எப்படிக் குதித்தது என்று அது பதிந்து வைத்திருந்தது. சட்டம் கார்களுக்கு மட்டும் என்பதால் அந்தப் பதிவு மாநகராட்சிக் கணினிக்குப் போகாது. பயங்கரமாகக் குதித்திருந்தது. மாநகராட்சி வரைபடத்தை எடுத்துப் பார்த்தார்கள். மில் ரோட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. ரோடு பட்டுப்போல இருந்தது. பட்டுப் போன்ற ரோட்டில் வண்டி குதித்தால் யார் தப்பு? ஓட்டியவன் தப்பு. செங்கோடனை இடைநீக்கம் செய்தார்கள். உரிமத்தைப் பறித்து வழக்குப் போடலாமா என்று பார்க்க ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். ஆணையர் தலைவர். சுகாதாரத் துறையிலிருந்து வன்னியநாதன் என்ற அதிகாரி உறுப்பினர். தொழில்நுட்ப ஆலோசகர் ஹரிஷங்கர். குழுவில் நடுநிலை ததும்பியது.

விசாரணையில் முதலில் பேசியது ராயப்பனின் மனைவி செலின். பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவள். சீருடையோடு வந்திருந்தாள்.

"டிரைவர் தம்பி மேல தப்பே இல்லீங்க. ரோடு அப்படிங்க."

"ரோடு நல்லாயிருக்குன்னு கார்கள் சொல்லுதும்மா" என்றார் வன்னியநாதன்.

"நான் அந்த வண்டியிலதானுங்க இருந்தேன். அவரு இடுப்பைப் பிடிச்சிருந்தனுங்க. கைக்குத் தெரியாதுங்களா?"

"உங்க கை தரவு இல்லம்மா" என்றார் அவர், கனிவாகத்தான்.

மேகலா கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்ததாகச் சொல்ல முடியாது. கால் எழுந்துவிட்டது. "மேடம், மில் ரோட்டை நேர்ல போய்ப் பார்த்துரலாமே?"

ஹரிஷங்கர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இந்த வருஷச் சம்பள உயர்வு இல்லை.

ஆணையருக்கு யோசனை பிடித்திருந்தது. நேரடி ஆய்வு என்றால் படம் எடுக்கலாம். அவருடைய காரிலேயே கிளம்பினார்கள். பின்சீட்டில் மூன்று பேரும், முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் மேகலாவும். மில் ரோட்டில் கார் வழுக்கிக்கொண்டு போனது. வெளியே ஒரு பைக்காரர் இரண்டு காலையும் ஊன்றி, குழிக்குள்ளிருந்து வண்டியை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பள்ளத்தின் கரையோரமாக நடந்தாள்.

"எங்கம்மா பள்ளம்?" என்றார் ஆணையர்.

"அதோ மேடம், அந்தம்மா சுத்திப் போறாங்களே."

"அவங்க ஏன் சுத்திப் போறாங்க?" அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். மிதவை வந்த பிறகு அவர் ரோட்டைப் பார்த்ததே இல்லை. கண்ணாடிக்கு வெளியே தெரிவது ஒரு காட்சி, அவ்வளவுதான்.

மேகலா கை நீட்டிக் குமிழைப் பிடித்தாள். பஞ்சிலிருந்து கல்லுக்கு ஒரே திருப்பாகத் திருப்பினாள்.

அடுத்து நடந்ததை வர்ணிப்பது மரியாதையாக இருக்காது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஆணையர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வன்னியநாதனின் கண்ணாடி மூக்கிலிருந்து கிளம்பி முன்சீட்டுக்கு வந்தது. ஹரிஷங்கரின் தலை கூரையில் மோதி, இறங்கி, மறுபடியும் மோதியது. டிரைவர் பிரேக் போட்டார்.

"என்ன இது?" என்றார் ஆணையர், வாயைப் பொத்திக்கொண்டு.

"ரோடுங்க மேடம்" என்றாள் மேகலா.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அடி எங்கே போகிறது, ரோடு ஏன் இப்படி ஆனது, புள்ளிகள் ஏன் மறைந்தன. வேலை போய்விடும் என்று தெரிந்தே சொன்னாள். சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது போலிருந்தது. உண்மையைச் சொன்னால் போதும், மீதி தானாக நடக்கும் என்று படித்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

மீதி தானாகத்தான் நடந்தது. குழு அறிக்கை கொடுத்தது. செங்கோடன் நிரபராதி. குற்றவாளி, ஸ்ட்ரட் இல்லாத ஆம்புலன்ஸ். ஆகவே மாவட்டத்திலுள்ள எல்லா ஆம்புலன்ஸ்களுக்கும் உடனடியாக மிதவை பொருத்த வேண்டும். மேலும், குமிழைக் கல்லில் வைப்பது பயணிகளின் உடல்நலத்துக்குக் கேடு என்று நேரடி ஆய்வில் ஐயமற நிரூபணமானதால், எல்லாக் கார்களிலும் குமிழைப் பஞ்சிலேயே பூட்டிவிட வேண்டும். ரோட்டைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இருந்தது: 'ரோடு ஆய்வுக்குட்படுத்தப்பட்டது.'

மேகலாவின் வேலை போகவில்லை. ஆம்புலன்ஸ் ஒப்பந்தம் கிடைத்த மகிழ்ச்சியில் ஹரிஷங்கர் அவளைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். "அந்த டெமோ! என் தலை இன்னும் வலிக்குது. ஆனா என்ன ஒரு டெமோ!"

ஸ்ட்ரட் பொருத்த வந்த முதல் ஆம்புலன்ஸ் செங்கோடனுடையது. அக்காவும் தம்பியும் பட்டறையில் வண்டிக்கு அடியில் நின்றார்கள்.

"ஸ்ட்ரெச்சருக்குப் பஞ்சு வெச்சிரு" என்றான் அவன். "என் சீட்டுக்கு வேண்டாம்."

"ஏன்டா?"

"இந்த ஊர்ல யாருக்காவது ஒருத்தனுக்கு ரோடு தெரியோணும்ல?"

மேகலா அவனைப் பார்த்தாள். அவன் வெறும் கோபத்தில் சொன்னான். ஆனால் அவளுக்குச் சட்டத்தின் அந்த வரி ஞாபகம் வந்தது. பயணி உணரும் குலுக்கலே குலுக்கல். இனி ஆம்புலன்ஸும் மிதவை வண்டி. மாநகராட்சிக் கணினியோடு பேசுகிற வண்டி. டிரைவர் சீட்டில் இருப்பவனும் சட்டப்படி பயணிதான்.

"செங்கோடா, உன் சீட்டுக்கு அடியில தனியா ஒரு ஸ்ட்ரட் வெச்சு கல்லுல பூட்டினா, நீ குலுங்கற ஒவ்வொரு இடத்துலயும் புள்ளி விழும். தார் வண்டி வந்துதான் ஆகோணும். யாரையும் கேக்க வேண்டியதில்ல."

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப வைய்யி."

"முதுகு போயிரும்டா."

"நான் வெச்சிருக்கற முதுகு உன்னுதா, என்னுதா? வைய்யின்னா வைய்யி."

வைத்தாள். மறுநாளே மில் ரோட்டில் சிவப்புப் புள்ளிகள் அம்மை கண்டதுபோல் விழுந்தன. கொட்டகையில் தூங்கிய தார் வண்டிகள் கரகரத்துக் கிளம்பின. செங்கோடன் எந்த ரோட்டில் போனானோ அந்த ரோடு இரண்டொரு நாளில் சரியானது. வேலை நேரம் முடிந்த பிறகும் தன் காசில் டீசல் போட்டுக்கொண்டு, அதுவரை போகாத தெருக்களுக்கெல்லாம் போனான். பைக்காரர்களுக்குக் காரணம் தெரியாது. ஏதோ தேர்தல் வருகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ராயப்பன் வீட்டுத் தெருவுக்கு அவன் முதல் வாரமே போய்வந்தான். செலின் தன் கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனதை வந்து சொன்னான். சொல்லும்போது நேராக நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

சில மாதங்களில் அவனால் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. மேகலா மாட்டிவிட்டாள். "போதும்டா, பஞ்சுக்கு மாத்திடறேன்" என்பாள். "இன்னும் ரயில்வே காலனிப் பக்கம் போகல" என்பான் அவன். கடைசியில் ஒருநாள் படுக்கையிலிருந்து எழவே முடியவில்லை. முதுகெலும்பில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கிவிட்டது என்றார் டாக்டர். "இயற்கையின் ஷாக் அப்சர்பர்ம்மா அது" என்று மேகலாவுக்கே விளக்கினார்.

செங்கோடன் படுத்ததும் அவன் வண்டி நின்றது, புள்ளிகளும் நின்றன. ஊர் ரோடுகள் எல்லாம் ஒரே நாளில் ஒரேயடியாகக் குணமடைந்துவிட்டன என்றது வரைபடம். ஆணையருக்கே அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது. விசாரித்தார்கள். இத்தனை மாதப் புள்ளிகளும் ஒரே வண்டியின் ஒரே சீட்டிலிருந்து வந்தவை என்று தெரிந்தது.

கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோது மேகலா ராஜினாமாக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனாள். அதற்கு அவசியமே இருக்கவில்லை.

"பத்து நிமிஷமா நாங்க ஆச்சரியப்பட்டுட்டு இருக்கோம்" என்றார் ஆணையர். "ஒரே ஒரு ஆள்! பாதி ஊரைச் சரி பண்ணிருக்கார். இதை ஏன் திட்டமாவே செய்யக் கூடாது?"

"சாலை உணர்வாளர்" என்றார் ஹரிஷங்கர். பெயரை அவர்தான் யோசித்திருந்தார். "வார்டுக்கு ஒரு வண்டி, வண்டிக்கு ஒரு கல் சீட்டு, சீட்டுக்கு ஒரு ஆள். சீட்டு நம்ம தயாரிப்பு."

"சார், மேடம்," மேகலா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "அதுக்கு ஆள் எதுக்கு? ஒரு மணல் மூட்டையை உக்கார வெச்சு, அதுல ஒரு சென்சார் ஒட்டினாப் போதும். அதுவே சொல்லிரும். இல்லைன்னா எல்லாக் கார்லயும் சக்கரத்துலயே ஒண்ணு ஒட்டிரலாம்."

ஆணையர் வருத்தத்தோடு தலையாட்டினார். "யோசிச்சோம். மணல் மூட்டை பயணி ஆகாதுன்னு சட்டப் பிரிவு சொல்லிட்டாங்க. சட்டத்தைத் திருத்தணும்னா தலைநகர் வரைக்கும் போகணும். எவ்வளவு காலம் ஆகுமோ. ஆள் எடுக்கறதுக்கு என் கையெழுத்தே போதும்."

"வேலைவாய்ப்பும் ஆச்சு" என்றார் வன்னியநாதன்.

அவளைத் திட்டத்தின் தலைவராகப் போட்டார்கள். மறுத்துவிட்டு வெளியே வரத்தான் நினைத்தாள். வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னாள். அவன் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தான்.

"நீ வேண்டாம்னா வேற யாராவது அந்த நாற்காலியில உக்காருவாங்க" என்றான். "நீ உக்காந்தா குமிழாவது உன் கையில இருக்கும்."

உலகத்தில் எல்லா நல்லவர்களும் எல்லா நாற்காலிகளிலும் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மேகலாவும் உட்கார்ந்தாள்.

விளம்பரம் வந்தது. உறுதியான முதுகெலும்பு தேவை. முன் அனுபவம் தேவையில்லை. பொறியியல் படித்தவர்களும் விண்ணப்பித்திருந்தார்கள். நேர்காணலில் ஒருவன், தன் முனைவர் பட்டத்தைத் தகுதிக் குறைவாகக் கருத வேண்டாம் என்று கெஞ்சினான்.

பிற்பகலில் உள்ளே வந்தவள் செலின்.

மேகலா பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க ஏங்க இதுக்கு?"

"பனியன் கம்பெனியில நாளெல்லாம் நிக்கோணுங்க. அவரை நேரத்துக்குத் திருப்பிப் போட ஆள் இல்ல. இது மத்தியானத்தோட முடிஞ்சிருமாம்." பிறகு கேட்டாள், "உக்காந்தே செய்யற வேலைதானுங்களே?"

"ஆமாங்க. உக்காந்தேதான்."

"தம்பிக்கு இப்ப எப்படிங்க இருக்குது?"

"எழுந்து நடக்கறான். குனிய முடியாது."

செலின் தலையசைத்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துதான் வந்திருந்தாள்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் அவளை டிரைவருக்குப் பக்கத்துக் கல் சீட்டில் உட்கார வைத்துப் பட்டையை இறுக்கியது மேகலாதான். மற்றவர்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். சீட்டின் பக்கவாட்டில் குமிழ் இருந்தது. அதன் சாவி மேகலாவிடம் மட்டும். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"செலின், இதை நான் பாதிக்குக் குறைச்சு வெச்சிடறேன். ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கு ரொம்ப அடிக்காது."

"குறைச்சா புள்ளி விழுமுங்களா?"

மேகலாவுக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பாள். "பெரிய பள்ளத்துக்கு விழும். சின்னதுக்கு விழாது."

"சக்கர நாற்காலிக்குச் சின்னப் பள்ளந்தானுங்க எமன்" என்றாள் செலின். "எங்க தெரு மறுபடியும் பேந்துபோச்சுங்க. அவரு வெளிய வந்து மாசமாச்சு. கல்லாவே இருக்கட்டுமுங்க."

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அவரை யாருங்க பார்ப்பாங்க?"

செலின் முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவள் ஏற்கெனவே பலமுறை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"திருப்புங்க மேடம்" என்றாள். "நேரமாச்சு."

மேகலா திருப்பினாள். குமிழ் கல்லில் போய் நின்றது. சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டாள்.

உணர்வாளர் வண்டிக்குப் பின்னாலேயே ஆணையரின் கார் கிளம்ப வேண்டும், திட்டத்தின் முதல் ஓட்டத்தைத் தலைமையே தொடர வேண்டும் என்று ஏற்பாடு. மேகலா ஓடிவந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். இரண்டு வண்டிகளும் நகர்ந்தன. முன்னால் போன வண்டியின் பின்கண்ணாடியில் செலினின் தலை தெரிந்தது. அது எகிறியது, பக்கவாட்டில் வெட்டியது, அமிழ்ந்தது, மறுபடி எகிறியது. மடிக்கணினி வரைபடத்தில் முதல் புள்ளி விழுந்தது. அடுத்தது. அடுத்தது. மேகலா புள்ளிகளைப் பார்க்காமல் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எகிறலுக்கும் அவளுடைய கை, தன்னையறியாமல், தன் இடுப்பைப் பிடித்தது.

கார் பல தெருக்களைக் கடந்து, ரயில் பாலத்தின் மேல் ஏறி இறங்கியது. பின்சீட்டில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்த ஆணையர் தலை நிமிர்ந்து கேட்டார்:

"என்ன மேகலா, இன்னும் கிளம்பலியா நாம?"